நெருக்குண்ட நரம்பும் நீரிழிவுற்ற காலும்



நீரிழிவு நெடுநாள் நீடித்தோர் பலர்க்குக் கால்விரல் நுனியில் எரிச்சல் தோன்றும்; இரவில் போர்வை பட்டாலும் நோகும். நாளடைவில் அவ்வெரிச்சல் அடங்குவதும் உண்டு. அதனை நலம் என்று மகிழ்வோர் உளர்; உண்மையில் அதுவே அஞ்சத்தக்க நிலை. மரத்த பாதம் நண்பகலில் கோயில் பிராகாரத்தின் சுடுகல்லையும் உணராது. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, காலையே நீக்க நேர்வதுண்டு.

வலிமருந்துகள் எரிச்சலைத் தணிக்கும். இழந்த உணர்வை மீட்பதில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகர அறுவை மருத்துவர் லீ டெலன் வேறொரு வழியை எண்ணினார். குருதியில் மிகுந்த சர்க்கரையின் ஒரு பகுதி நரம்பினுள் சார்பிட்டாலாக மாறி நீரை ஈர்க்கிறது; நரம்பு வீங்குகிறது. அந்நரம்போ கணுக்காலின் உட்புறத்தில், எலும்புக்கும் இறுகிய நார்ப்பட்டைக்கும் இடையே, குறுகிய வழியில் செல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்திலும் புறங்காலிலும் இத்தகைய இடுக்குகள் உள. பருத்த கையில் பழைய வளையல் இறுகுவதைப் பெண்டிர் அறிவர். ஏறத்தாழ அதுவே இங்கும் நிகழ்கிறது. இறுக்கும் பட்டையை அறுத்து வழியை அகலப்படுத்தினால் நரம்பு மீளும் என்பது அவர் துணிபு. தம் நோயாளரிடம் கண்ட பயனை 1992இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

எல்லார்க்கும் இது பொருந்தாது. நரம்பு செல்லும் இடத்தில் மருத்துவர் விரலால் தட்டும்போது, மின்சாரம் பாய்ந்தாற்போன்ற கூச்சம் பாதத்தில் ஓடினால் அங்கே நெருக்கம் உண்டெனக் கொள்வர். ‘டினெல் குறி’ என்பது அதன் பெயர். குருதியோட்டம் குன்றிய காலிலோ, அறுவைக் காயமே ஆறாப் புண்ணாகக்கூடும்.

மறுப்பும் உண்டு. நோய் மிக நீண்ட நரம்புகளின் நுனியில், இரு காலிலும் ஒருசேரத் தொடங்குவதால், இடுக்கு மட்டுமே காரணமாகாது என்பர் நரம்பியலார். அமெரிக்க நரம்பியல் கழகம் 2006இல் இம்முறையின் பயன் நிறுவப்படவில்லை என்றது. பின்னர் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஒரு காலில் மட்டும் அறுவை செய்து மறுகாலோடு ஒப்பிட்டனர். அறுவை செய்த காலில் நோவு குறைந்தது. ஆயினும் எக்கால் அறுக்கப்பட்டது என்பதை நோயாளர் அறிவார் அல்லரோ? அவ்வறிவே நோவைக் குறைத்திருக்கலாம் என்னும் ஐயம் எஞ்சுகிறது.

ஆகவே, ‘ஒரே அறுவையில் குணம்’ என்னும் விளம்பரத்தை நம்பி விரைதல் வேண்டா. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் இதேபோல் மரத்துப் போகும். ஊனுணவு தவிர்க்கும் குடும்பத்தாரிடமும், மெட்பார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உட்கொள்வோரிடமும் இக்குறைவு மிகுதி. இரண்டும் பொருந்துவோர் நம் இல்லங்களில் பலர். எளிய குருதிச் சோதனையில் அது தெரிந்துவிடும். அதற்கு ஊசியும் மாத்திரையுமே மருந்து.