அரை டிக்கெட்டும் ஆத்திசூடியும்

(திருத்தணியில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பிள்ளைகளுக்கு நெறி கற்பிப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பை எடுத்தால் காலம் கெட்டுவிட்டது என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் அப்படித் தொடங்கப் போவதில்லை. நம்மைப் பற்றி நம் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவர்களைப் பற்றி அவர்களுடைய பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. நாம் சொல்லும் நெறி பிள்ளையிடம் போய்ச் சேருவது எப்போது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்மையாக நடந்தால் நமக்கு நஷ்டம் என்று தெரிகிற நேரம் ஒன்று வரும். அப்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பிள்ளை பார்க்கிறது. பாடம் அங்கேதான் ஏறுகிறது. மற்ற நேரங்களில் சொல்வதெல்லாம் அந்த நேரத்துக்கான ஆயத்தம். அவ்வளவே.

இந்த ஊரின் உரிமை

இதைப் பேசத் திருத்தணிக்குத் தனி உரிமை உண்டு. திருக்குறள் ஓலையிலிருந்து அச்சுக்கு ஏறிய 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைப் பதிப்பித்தவர்களில் ஒருவர் திருத்தணிகை சரவணப்பெருமாளையர். திருவள்ளுவமாலைக்கு உரை கண்டவரும் அவரே. அவரும் அவருடைய உடன்பிறந்தார் விசாகப்பெருமாளையரும் இந்தத் தணிகையின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன் வைத்துக்கொண்டே தமிழுலகில் நடமாடினார்கள்.

1888 செப்டம்பர் 5ஆம் நாள் இங்கே பிறந்தார் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். தெலுங்கு பேசும் குடும்பம். தொடக்கக் கல்வி இங்கே. பிறகு திருப்பதி, வேலூர், சென்னைக் கிறித்தவக் கல்லூரி. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று அக்காலத்தில் சொல்லப்பட்டுவந்தது. அதற்கு விடையாகத்தான் முதுகலை மாணவராக இருந்தபோது வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆய்வுரை எழுதினார். 1908இல் அது நூலாக வந்தபோது அவருக்கு வயது இருபது. 1962 முதல் அவர் பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

நம் ஊர் இருமொழி ஊர். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, படாஸ்கர் வகுத்த எல்லைத் தீர்வின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பள்ளியில் ஆத்திசூடி படித்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மம்மா வாயால் தெலுங்கில் வேமனர் பாட்டையும் சுமதி சதகத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே உண்டு. நல்லது என்பது ஒரே மொழியில் மட்டும் எழுதப்பட்டதில்லை என்று இந்த ஊர்ப் பிள்ளைக்கு யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

திண்ணையில் இருந்ததும் இல்லாததும்

நெறிக் கல்வி என்றதும் நாம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்து ஏங்குகிறோம். அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், பிறகு மூதுரை, நல்வழி, கூடவே எண்சுவடி. ஆத்திசூடியின் 109 வரிகளையும் பொருள் தெரிவதற்கு முன்பே பிள்ளை ஒப்பித்துவிடும். இன்று மனப்பாடம் என்றால் ஏளனம் செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன். இளவயதில் மனத்தில் ஏறிய ஒரு வரிக்குப் பொருள் முப்பது வயதில், ஏதோ ஓர் இக்கட்டில் விளங்கும். வரியே இல்லாதவனுக்கு அப்போது விளங்க ஒன்றும் இருக்காது.

ஆனால் அந்தத் திண்ணையை முழுவதும் பார்க்க வேண்டும். பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் அங்கே இருந்தன. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. பல ஊர்களில் அந்தத் திண்ணை மேல் எல்லாப் பிள்ளைகளும் ஏற முடியாது. அறம் சொல்லும் நூல் உள்ளே ஒலித்தது. சாதியின் பெயரால் நிறுத்தப்பட்ட பிள்ளை தெருவில் நின்றது. உள்ளே இருந்த பிள்ளை இரண்டையும் கற்றுக்கொண்டது. நூலைக் காதால் கேட்டது. தெருவைக் கண்ணால் பார்த்தது. எது ஆழமாக இறங்கியது என்பதற்கு நம் வரலாறே சாட்சி.

அது பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த பிள்ளைகள். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க வேண்டும், அறநெறி வகுப்பு வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. வெட்டிய அந்தப் பிள்ளைகள் குறள் படிக்காதவர்களா? காலை வணக்கத்தில் நாள்தோறும் ஒரு குறளும் பொருளும் கேட்டுத்தான் வகுப்புக்குப் போயிருப்பார்கள்.

குழுக்களும் பாடவேளையும்

விடுதலைக்குப் பின் நெறிக் கல்விச் சிக்கலை முதலில் கையில் எடுத்தவர் நம் ஊர்க்காரர்தான். 1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு இராதாகிருஷ்ணன் தலைவர். நாள்தோறும் வகுப்பு தொடங்குமுன் சில நிமிட மௌன தியானம். முதலாண்டில் சமயப் பெரியோர்களின் வரலாறு. இரண்டாம் ஆண்டில் எல்லாச் சமய நூல்களிலிருந்தும் பொதுவான பகுதிகள். மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவச் சிக்கல்கள். இதுவே அந்தக் குழு சொன்ன திட்டம். ஒரு சமயத்தைத் திணிக்காமல் எல்லாவற்றையும் அறிய வைக்கும் வழி அது. அரசு நிதியில் மட்டுமே நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் பிரிவு. நெறி வேண்டும், மத போதனை வேண்டாம் என்ற ஒற்றையடிப் பாதையில்தான் நம் பள்ளிகள் நடந்து வந்திருக்கின்றன.

கோத்தாரி குழு (1964–66) வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளை ஒதுக்கச் சொன்னது. பள்ளியின் சூழலே பெரிய ஆசான் என்றும் வற்புறுத்தியது. 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்களை 6 முதல் 12ஆம் வகுப்பு வரை கற்பிக்கச் சொன்னது. நீதிமன்றத்தின் அக்கறையை வணங்குகிறேன்.

ஆனால் கால அட்டவணையில் நீதிபோதனை வகுப்பு படும் பாடு இங்கே உள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். கணக்கு முடியவில்லையா, அந்த வகுப்பை எடுத்துக்கொள். ஆசிரியர் விடுப்பா, பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பு. மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு மதிப்பில்லை என்பதைப் பிள்ளை அந்த வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறது.

தெரிந்திருப்பதும் நடப்பதும்

அமெரிக்காவில் 1920களில் ஹார்ட்ஷார்ன், மே என்னும் இரு அறிஞர்கள் சுமார் 11,000 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஏமாற்றவும் திருடவும் பொய் சொல்லவும் வாய்ப்புள்ள சூழல்களை உருவாக்கி, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். எது சரி என்று தெரிந்திருப்பதற்கும் சரியாக நடப்பதற்கும் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. தேர்வில் நேர்மையாக இருந்த பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நல்லுறவு இருந்த வகுப்புகளில் ஏமாற்று குறைவாக இருந்தது.

காந்தியடிகளின் கெட்டில் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ராஜ்கோட் பள்ளிக்கு ஆய்வாளர் ஜைல்ஸ் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். ‘கெட்டில்’ என்ற சொல்லைச் சிறுவன் மோகன்தாஸ் தப்பாக எழுதினான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுது என்று ஆசிரியர் பூட்ஸ் நுனியால் சாடை காட்டினார். அவனுக்கு அது விளங்கவே இல்லை. இக்கதையை மாணவனின் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். நான் அந்த ஆசிரியரைப் பார்க்கச் சொல்கிறேன். அவரும் பொய் சொல்லாதே என்று வகுப்பில் சொல்லியிருப்பவர்தான். ஆய்வாளர் முன்னால் தம் வகுப்பின் பெயர் கெடும் என்ற நஷ்டம் வந்தபோது அவருடைய கால் வேறு பாடம் நடத்தியது.

அதே காந்தி 1910இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்து, அங்கிருந்த பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் பலர். ஆசிரியர்கள் செய்யாத எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதில்லை என்பது அங்கே விதி.

இன்னொரு காட்சி நமக்கு மிக அருகில் நடந்தது. 2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு நன்னெறி சொல்ல வந்த வெளிப்பேச்சாளர் ஒருவர், உடற்குறை முற்பிறவிப் பாவத்தின் பயன் என்ற பொருளில் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து மறுத்தார். பேச்சாளர் அடக்கப் பார்த்தும் அவர் உட்காரவில்லை. அன்றைக்கு அங்கே நெறி வகுப்பு நடந்தது என்பது உண்மை. அதை நடத்தியவர் மேடையில் இருந்தவர் அல்லர்.

வீடு என்னும் பள்ளி

இப்போது வீட்டுக்கு வருவோம். திருத்தணி ரயில் நிலையத்தில் சென்னைக்கு டிக்கெட் எடுக்கிறோம். ஐந்து வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அரை டிக்கெட். ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, “கேட்டா நாலுன்னு சொல்லு கண்ணு” என்கிறோம். மிச்சம் சில ரூபாய். அந்தச் சில ரூபாய்க்குப் பிள்ளை கற்பது மூன்று: சட்டம் என்பது மாட்டிக்கொள்ளாதவரைதான், அப்பா சொன்னால் பொய் சொல்லலாம், என் வயது எனக்குப் பெருமை தரும் ஒன்றன்று, மறைக்க வேண்டிய ஒன்று. பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்குப் பின்னால் குறள் எழுதியிருக்கிறது. அதன் கீழேயே இது நடக்கிறது.

ஆடிக் கிருத்திகையன்று நம் முருகன் கோயில் மலையில் காவடிகளோடு மணிக்கணக்கில் நிற்கிறார்கள் மக்கள். தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, வரிசையை விட்டுப் பக்க வழியாகப் பிள்ளையோடு உள்ளே போய்விடுகிறோம். பிள்ளைக்கு முருகனைக் காட்டுகிறோம். பின்னால் நின்ற கிழவியைப் பிள்ளை பார்த்துவிடுகிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை ‘அவ’ என்றும், விருந்துக்கு வரும் அதிகாரியை ‘சார்’ என்றும் சொல்லும்போதும் பாடம் நடக்கிறது. மரியாதை வயதுக்கா பதவிக்கா என்பதைப் பிள்ளை நம் சொல்லிலேயே படித்துக்கொள்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2018இல் ஈரோட்டில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வழியில் கிடந்த 50,000 ரூபாயை எடுத்து வந்து ஆசிரியரிடம் கொடுத்தான். அவன் கதை பிறகு இரண்டாம் வகுப்புப் பாடநூலிலேயே இடம் பெற்றது. அந்தப் பையன் பணத்தை யாரிடம் கொண்டு போனான் என்பதைக் கவனியுங்கள். இவரிடம் கொடுத்தால் உரியவருக்குப் போய்ச் சேரும் என்று நம்பத்தக்க ஒருவர் அவனுக்குப் பள்ளியில் இருந்தார். பிள்ளையின் நேர்மைக்கு அந்த நம்பிக்கைதான் நிலம்.

மாற்றாக ஒரு செயல்

கண்டிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதற்கும் நம் மலையிலேயே வழி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் சனவரி முதல் நாளில் மாலையும் பழமும் எடுத்துக்கொண்டு துரைமார் வீட்டு வாசலில் நிற்பது உத்தியோகஸ்தர்களின் வழக்கம். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அவர்களைத் திட்டவில்லை. அந்த நாளில் பெரிய துரையாகிய தணிகேசனை, நம் முருகனைப் பார்க்க வாருங்கள் என்று அழைத்தார். மலையேற, ஆண்டின் நாட்களைப் போல 365 படிகள். படிதோறும் ஒரு திருப்புகழ். நூறாண்டுக்கு மேலாகப் படித் திருவிழா நடக்கிறது. துரைமார் போய்விட்டார்கள், அவர்கள் வாசலில் நிற்கும் வழக்கமும் நின்றுவிட்டது. செய்யாதே என்று மட்டும் சொன்னால் பிள்ளையின் கை சும்மா இருக்காது. செய்ய வேறொன்றைக் கொடுத்தால் பழையது தானே உதிரும்.

இந்த வட்டாரத்தில் தமிழாசான் மங்கலங்கிழார் அப்படிச் செய்தவர்தான். தமிழ் போய்விட்டதே என்று புலம்பாமல் குருவராயப்பேட்டையில் அறநெறித் தமிழ்ச் சங்கம் நடத்தி, சுற்றியுள்ள ஊர்களில் ஊதியம் கேட்காமல் தமிழ் கற்பித்தார். இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டத்துக்கு வந்தபோது, நிற்பதற்கு ஆட்கள் இருந்ததற்கு அவர் ஒரு காரணம்.

செய்யத்தக்கவை

ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, நீதிபோதனை வகுப்பை எவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் அதில் உபதேசம் வேண்டாம். ஒரு சிக்கலை வையுங்கள்: உன் நண்பன் காப்பியடித்ததைப் பார்த்தாய், கேட்டால் சொல்வாயா? பிள்ளைகள் வாதாடட்டும். முடிவை நீங்கள் சொல்ல அவசரப்படாதீர்கள். இரண்டாவது, கரும்பலகையில் நீங்கள் எழுதியது தப்பென்று ஒரு மாணவன் எழுந்து சொன்னால், வகுப்பின் முன்னாலேயே நன்றி சொல்லித் திருத்துங்கள். அந்த ஒரு நிமிடம் பத்து அதிகாரத்துக்குச் சமம்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. நேர்மைக்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். கடைக்காரர் பத்து ரூபாய் அதிகமாகத் தந்துவிட்டால் பிள்ளையையே அனுப்பித் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். வரிசையில் நின்றதால் கால் வலித்தால், வலிக்கிறது என்று சொல்லுங்கள், ஆனாலும் நில்லுங்கள். நல்லவனாக இருந்தால் எல்லாம் தானாக வரும் என்று பொய் வாக்குறுதி தர வேண்டாம். சில நேரம் வராது, நஷ்டம்தான் வரும், இருந்தும் நாம் இப்படித்தான் என்று சொல்லுங்கள். உலகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை பிறகு ஏமாறாது. உங்கள் மேல் கொண்ட மதிப்பும் குறையாது.

இந்த அறக்கட்டளையாருக்கும் ஒரு விண்ணப்பம். திருக்குறள் ஒப்பித்தல் போட்டிக்குப் பரிசு தருகிறீர்கள், தொடருங்கள். அதோடு ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: ‘நஷ்டம் வந்தாலும் சரியானதைச் செய்த, நான் நேரில் பார்த்த ஒரு பெரியவர்.’ எழுத ஆள் கிடைக்காமல் பிள்ளைகள் திணறினால், குறை அவர்களுடையதன்று. அடுத்த ஆண்டுக்குள் நாம் சரிசெய்ய வேண்டியது எது என்று நமக்குத் தெரிந்துவிடும்.