வாட்ஸ்அப் குழு சங்கம் ஆகுமா?



சமூக ஊடகம் வழியாகத் தொழிலாளர்களைச் சங்கத்துக்கு அழைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தொழிலாளர் இயக்கம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், அதனால் கூப்பிட்டிருப்பார்கள். எனக்கு ரீல்ஸ் எடுக்கத் தெரியாது.

2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி செல்பேசிகளில் பரவியது. பொய்ச் செய்தி என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. போய்க் கேட்க ஒரு சங்கம் இருந்திருந்தால் வதந்திக்கு அங்கே என்ன வேலை? செல்பேசி அந்தப் பெண்களைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டது. அவர்கள் சார்பில் பேச்சுவார்த்தையில் உட்கார ஆளைத் தர அதனால் முடியவில்லை.

சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைத்த பிறகுதான் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள். பந்தல் காணொளிகளை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்றது நிறுவனம். உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

சங்கத்தைப் பதிவு செய்ய 7 பேர் விண்ணப்பிக்கலாம். ஆலையில் 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ, அத்தனை உறுப்பினர் வேண்டும். இந்தச் சின்னக் கணக்கை ஷிப்ட் முடிந்து பேருந்தில் போகிறவருக்குச் சொல்லும் காணொளி எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? உறுப்பினர் பட்டியலை மட்டும் குழுவில் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் சூப்பர்வைசரிடம் போக ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்று, இதைத்தான் சங்கத் தோழர்கள் பேசத் தயங்குகிறார்கள். பம்பாய் ஆலைகளின் நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை. நூலை வாயால் இழுக்க வேண்டியிருந்ததால், எச்சில் தீட்டு என்று தடுத்தவர்கள் உடன் உழைத்த தொழிலாளர்களே. பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் தொழிலாளர்களின் பகை என்று 1938இல் மன்மாடில் தலித் ரயில்வே தொழிலாளர்களிடம் அம்பேத்கர் பேசியதற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள் பின்னணி.

இன்றைய இளம் தொழிலாளியின் செல்பேசிக்குச் சங்கம் போய்ச் சேர்வதற்குள் சாதிப் பெருமை ரீல்ஸ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஊர்க் குழு என்ற பெயரில் சாதிக் குழுவும் இருக்கும். சங்கக் குழுவில் இருக்கும் ஒருவர் சாதிப் பெருமைப் பாட்டை ஸ்டேட்டஸில் வைத்தால் நிர்வாகி என்ன செய்கிறார்? ஒற்றுமை கெட்டுவிடும் என்று பேசாமல் விட்டால், அதே குழுவில் இருக்கும் தலித் தொழிலாளி எதை நம்பிச் சந்தா கட்டுவார்?

காணொளி எடுக்கத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பதிவு செய்வது எப்படி என்று ஒன்று எடுங்கள். சங்கத்துக்குள் சாதி பற்றி ஒன்று. இரண்டாவதை எடுக்கும்போது அந்த ஆலையின் தலித் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு எடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே.