ஏரியில் இறங்கிய புது வாத்து எது?



ஐப்பசி மழையில் ஏரி குளம் நிறைந்ததும், "இதுவரை பார்க்காத வாத்து வந்து இறங்கியிருக்குதே! பயிரை அழிக்குமா? கோழிக்கு நோய் கொண்டுவருமா? பிடித்துச் சாப்பிடலாமா?" என்று பல ஊர்களில் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுமுன், வந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீரில் நீந்துவதெல்லாம் வாத்து ஆகாது. உடம்பு கறுத்து, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டது போல் இருந்தால் அது நாமக்கோழி. சிறகை விரித்து வெயிலில் காயவைப்பது நீர்க்காகம். வாத்துக்கு அலகு தட்டையாக இருக்கும். ஆகவே முதலில் அலகைப் பாருங்கள். பிறகு தலை, வால், கால் நிறம் என்று பார்த்து வாருங்கள்.

வாத்துகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

முதல் வகை, ஆண்டு முழுவதும் நம் நாட்டிலேயே இருப்பவை. கறுப்பு அலகின் நுனி மஞ்சளாக இருந்தால் அது புள்ளிமூக்கு வாத்து. பழுப்பு உடம்போடு, பறக்கும்போது சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது சீழ்க்கைச் சிறகி. அது மரக்கிளையிலும் உட்காரும்.

இரண்டாம் வகை விருந்தாளிகள். வடக்கே குளிரில் நீர்நிலைகள் உறைந்துபோகும்போது, மத்திய ஆசியா, சைபீரியாப் பக்கங்களிலிருந்து வந்து, பங்குனி சித்திரை வாக்கில் திரும்பிவிடும். வால் ஊசி போல் நீண்டு, தலை சாக்லேட் நிறத்தில் இருந்தால் அது ஊசிவால் வாத்தின் ஆண். அலகு நுனி அகப்பை போல் அகன்றிருந்தால் தட்டைவாயன். சிறிய உடம்பும் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும் இருந்தால் நீலச்சிறகியின் ஆண். ஆனால் வந்த புதிதில் ஆணும் பெட்டையும் ஒன்றுபோல் பழுப்பாகத்தான் இருக்கும்; தை மாசியில்தான் அந்தப் புருவம் நன்றாகத் துலங்கும். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை இருந்தால் அது இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திற்கு இது வருவதுண்டு.

மூன்றாம் வகை, யார் வீட்டிலிருந்தோ தப்பி வந்தவை. முகத்தில் சிவப்புத் தசை முண்டும் முடிச்சுமாக, சத்தமில்லாமல் சீறிக்கொண்டு திரிந்தால் அது மணிலா வாத்து. பேர்தான் மணிலா, பூர்வீகம் தென் அமெரிக்கப் பக்கம். உடம்பு முழுக்க வெள்ளை என்றால் வெள்ளைப் பெக்கின். காக்கி நிறம் என்றால் இங்கிலாந்தில் உருவாக்கிய காக்கி கேம்ப்பெல். இவை ஆளைக் கண்டு அதிகம் மிரளாது. சொந்தக்காரரைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். ஏரியிலேயே விட்டுவைக்க வேண்டாம்.

முதல் இரண்டு வகையையும் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நெல்லில் விஷம் கலந்து வைப்பது அதைவிடக் கேடு. அந்த விஷம் வாத்தோடு நிற்காது; ஆடு மாடு குடிக்கும் தண்ணீரிலும், அந்தக் கறியைத் தின்னும் நம் பிள்ளைகளின் வயிற்றிலும் போய்ச் சேரும்.

சரி, பயிருக்கு என்ன பண்ணுவது? வாத்துகள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வயலில் மேயும். நாற்றங்காலில் தேங்கிய தண்ணீர்தான் அவற்றை அழைக்கிறது. விதைத்த பின் தண்ணீரை வடித்துவிடுங்கள். குறுக்கே கயிறு கட்டி, காற்றில் பளபளக்கும் நாடாக்களைத் தொங்கவிடுங்கள். முளை பச்சை பிடிக்கும் வரை சில நாள் அந்தியிலும் இரவிலும் காவல் இருந்தால் போதும்.

அடுத்தது நோய். புது வாத்து வந்தது என்பதற்காகப் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஆனால் அலட்சியமும் கூடாது. பக்கத்துக் கேரளத்தில் 2014 நவம்பரிலும், மறுபடி 2021 ஜனவரியிலும் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் இந்நோய் கண்டு வாத்துகளை ஆயிரக்கணக்கில் அழிக்க வேண்டியதாயிற்று. மேய்ச்சல் வாத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு மந்தை போனால் வருஷத்து வருமானமே போச்சு. ஆகவே வெளிநாட்டு வாத்து கூட்டமாக இறங்கும் ஏரியில் உங்கள் மந்தையை விடாதீர்கள். கோழித் தீவனத்தையும் தண்ணீரையும் காட்டுப் பறவைகள் வாய் வைக்காதபடி மூடி வையுங்கள். ஏரிக்குள் போய் வந்த காலோடு கோழிக் கொட்டகைக்குள் நுழையாதீர்கள்.

ஏரிக்கரையில் பறவைகள் வரிசையாகச் செத்துக் கிடந்தாலோ, கழுத்தைத் திருகிக்கொண்டு தள்ளாடினாலோ, கையால் தொடாதீர்கள். நாய்க்குப் போடாதீர்கள்; வாய்க்காலில் வீசாதீர்கள். பிள்ளைகளையும் கிட்டே விடாமல், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

செத்த பறவையின் காலில் உலோக வளையம் தென்பட்டால், தொடாமலே எட்ட நின்று எண்ணைக் குறித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். கோடியக்கரை போன்ற இடங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு இப்படி வளையம் போட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பறவை எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தது என்பது அந்த எண்ணால்தான் தெரியும்.

நம் ஏரியை நம்பி மலை தாண்டி வருபவை இவை. அடையாளம் தெரிந்துகொண்டால் பயமும் போகும், நஷ்டமும் குறையும்.