கொக்கி எனது, பலகை அவரது
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இரயில் எட்டிப் பாராத குண்டலுபேட்டையில் குடியிருந்துகொண்டு, இரயில்வே எழுத்தர் வேலைக்காக நாள்தோறும் நஞ்சன்கூட்டுக்குப் பேருந்தில் செல்பவன் யான். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். சட்டம் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். அடிபட்டவன் என்ற தகுதி ஒன்றே.

மூன்றாண்டுகளுக்கு முன் இவ்வூரில் ஒரு சிறு வீடு வாங்கினேன். பார்க்கப் போன அன்று கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் என் இல்லாள் மனத்துக்குள் குடிபுகுந்துவிட்டாள். சாவி கைக்கு வந்த நாளிலோ உத்திரத்தில் நான்கு கொக்கிகளே எஞ்சியிருந்தன. கிணற்றடி மோட்டாரும் போயிருந்தது. கேட்டதற்கு, "பத்திரத்தில் எழுதியிருக்கிறதா?" என்றார் விற்றவர். எழுதியிருக்கவில்லை.

அதன் பிறகே 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தைப் புரட்டினேன். வேறு கருத்து இல்லாதவிடத்து, வீட்டோடு அதன் பூட்டு, சாவி, தாழ், கதவு, சன்னல் ஆகியனவும், நிலையான பயன்பாட்டுக்கென அமைத்த பிறவும் வாங்குவோரைச் சேரும் என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. சாவி கையில் எடுத்துச் செல்லும் பொருள்தான். ஆயினும் பூட்டைவிட்டு அதற்கு வாழ்வில்லை. ஊஞ்சலின் நிலை வேறு. கொக்கி எனது, பலகை அவரது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை இல்லாளிடம் சொல்லும் துணிவு இன்றுவரை வரவில்லை.

1872-இல் இங்கிலாந்தில் நடந்த ஹாலண்டு – ஹாட்ஜ்சன் வழக்கில் நீதிபதி பிளாக்பர்ன் ஓர் அழகிய உவமை கூறினார். சாந்தின்றி அடுக்கிச் சுவராக எழுப்பிய கற்கள் நிலத்தின் பகுதி. அதே கற்கள் கட்டட ஒப்பந்தக்காரர் முற்றத்தில் அடுக்கிக் கிடந்தால் வெறுஞ்சரக்கு. எவ்வளவு இறுகப் பொருந்தியது என்பதோடு, எந்நோக்கத்தோடு பொருந்தியது என்பதையும் பார்க்க வேண்டும். நிலத்தில் பொருத்திய எண்ணெய் எஞ்சின், எஞ்சினை ஓட்டுவதற்காகவே பொருத்தப்பட்டது. ஆதலின் அது நிலத்தின் பகுதியாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் மோட்டாரின் கதி இதனால் ஐயத்துக்குள்ளாயிற்று! வழக்காடும் எண்ணத்தை விட்டேன்.

வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்க்கு ஒரு சொல். மாறான ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ இல்லையாயின், நீங்கள் பொருத்தியவற்றை வீட்டைக் காலி செய்யுமுன் கழற்றிக்கொள்ளலாம். வீட்டைப் பெற்ற நிலையில் திருப்பித் தரவேண்டும். இது 108-ஆம் பிரிவு.

அக்காலத்துச் சாசனம் எழுதியோர் நம்மினும் விழிப்புடையோர். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என எண்வகைப் போகங்களையும் பெயர் சொல்லி எழுதினர். புதையலையும் நீரையும் கல்லையும் மறவாதவர்கள். நாமோ கன்னடத்தில் எழுதிய பத்திரத்தைப் படித்துக் கேளாமலே கையொப்பமிடுகிறோம். ஒருவன் ஆயுட்காலச் சேமிப்பு அதில் அடங்கியிருக்கிறது! முன்பணம் கொடுக்குமுன் வீட்டைச் சுற்றி வந்து மோட்டார், நீர்த்தொட்டி, மின்விசிறி, அலமாரி, ஊஞ்சல், மின் இணைப்பின் காப்புத்தொகை ஒவ்வொன்றும் எவர்க்கென்று ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். எழுதியதைத் தெரிந்தவரைக்கொண்டு தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

விற்பவர்க்கும் இதுவே. தருமபுரியில் என் தந்தையார் வீட்டை விற்றபோது, பின்கட்டுத் தரையில் பதித்திருந்த ஆட்டுக்கல்லை அம்மா கேட்டார்கள். அவர்கள் மணமாகி வந்த ஆண்டு பதித்தது அது. வாங்கியவர் மறுத்தார். தரையில் பதிந்தது வீட்டோடு சேர்ந்தது. நியாயம் அவர் பக்கம். குழவியையாவது தரும்படி கேட்டேன். "குழவி இல்லாத கல் எனக்கெதற்கு?" என்றார். பூட்டும் சாவியும் போலத்தான். பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க எனக்கு அன்று தோன்றவில்லை.

இப்போது அம்மா இங்கே எங்களோடிருக்கிறார்கள். மின் அரவை இயந்திரம் மாவரைக்கும்போதெல்லாம் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார்கள்.