நரம்பிசை நால்வர்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நால்வர்' என்னும் சொல் தமிழர்க்கு நன்கு பழகிய சொல்லாகும். சைவம் சமயக்குரவர் நால்வரைப் போற்றுகிறது. ஆடற்கலை, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரை நினைவுகூர்கிறது. வேறொரு நால்வரைப் பற்றியதே இவ்வுரை. வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் 1993இல் சென்னையில் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்' என்னும் நரம்பிசைக் குழுவை அமைத்தார். முதல் வயலினை அவர் இசைக்க, ஹேமந்த்ராஜ் முளியில் இரண்டாம் வயலினையும், பி. ஜே. சந்திரன் வயோலாவையும், வி. ஆர். சேகர் செல்லோவையும் இசைத்தனர்.

இக்கருவிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. வயோலா வயலினைவிடச் சற்றே பெரியது. சட்சத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள தொலைவு அளவுக்குத் தாழ்ந்த குரலுடையது. செல்லோ வயோலாவைவிட ஒரு முழுத் தாயி தாழ்ந்து ஒலிப்பது. நாற்காலியில் அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி இசைக்கப்படுவது. இந்நான்கையும் கொண்டு அமையும் இசைவடிவத்தைச் செம்மை செய்தவர் ஆஸ்திரிய நாட்டு ஜோசப் ஹைடன் (1732 - 1809). 1781இல் அவர் இயற்றிய ஆறு நால்வரிசைகளில் நான்கு குரல்களும் ஏறத்தாழ ஒத்த உரிமை பெற்றன என்பர். அறிவுடையோர் நால்வர் தம்முள் உரையாடுவதைக் கேட்பது போன்றது இவ்விசை என்று கவிஞர் கதே 1829இல் ஒரு மடலில் குறித்தார்.

அந்த 1781இல் தியாகராசருக்கு அகவை பதினான்கு. சியாமா சாஸ்திரிகள் இருபதை எட்டாத இளைஞர். முத்துசாமி தீட்சிதர் சிறுவர். மேலைநாட்டில் நால்வரிசை உருப்பெற்ற அதே காலத்தில், காவிரிக்கரையில் கிருதி என்னும் வடிவம் முழுமை நோக்கி வளர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டிற்கும் பாலமாகத்தக்க ஒரு கருவி அப்போதே தமிழகத்திற்கு வந்துவிட்டது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அக்கருவியில் பெரும்புலமை பெற்றார்; அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இங்கே ஒரு வினா எழுகிறது. வயலின் வந்தது; அதன் உடன்பிறப்புகளாகிய வயோலாவும் செல்லோவும் ஏன் உடன் வரவில்லை? விடை இசையின் இயல்பிலேயே உள்ளது. கருநாடக இசை ஒற்றை இன்னிசை வழியில் நடப்பது. மேலை இசையோ பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து பொருத்தம் காண்பது. தீட்சிதர் ஆங்கிலேயர் பாண்டு மெட்டுகள் பலவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை 'நொட்டுசுவரம்' எனப்படும். அவற்றிலும் மெட்டு வந்ததேயன்றி, பல்குரல் ஒத்திசைவு வரவில்லை. வீட்டினுள் வர ஒருவருக்கே இடம் கிடைத்தது. உடன்பிறந்தார் வாயிலில் நின்றனர்.

பழந்தமிழ் மரபும் ஈண்டு நோக்கத்தக்கது. 'நரம்பு' என்னும் சொல் யாழின் தந்தியைக் குறித்ததோடு, சுரத்தையும் குறித்தது. நரம்புகளுக்கிடையே இணை, கிளை, பகை, நட்பு என நான்கு உறவுகளை இசைநூலார் வகுத்தனர். மக்கள் உறவின் பெயர்களையே சுரங்களுக்கு இட்ட மரபு இது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலோ கருவிகள் ஒன்றன் பின் ஒன்றாக அணிவகுக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு முன்னதைப் பின்பற்றிச் செல்கிறது. பின்பற்றுதல் அங்கே அறம். நால்வரிசையிலோ ஒவ்வொருவரும் தத்தம் வழியில் நடந்து, ஒரே இடத்தை அடைய வேண்டும். இவ்விரு அறங்களையும் ஒருசேரக் காப்பதே நரசிம்மன் மேற்கொண்ட அரிய பணி.

வாயிலில் நின்ற உடன்பிறப்புகள் தமிழ் மண்ணில் காலூன்றிய இடம் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடம். சென்னைத் திரையிசைக் குழுக்களில் வயலின்கள், வயோலாக்கள், செல்லோக்கள் வரிசையாக ஒலித்தன. நரசிம்மன் அவ்வுலகைச் சேர்ந்தவர். 1984இல் வெளிவந்த 'அச்சமில்லை அச்சமில்லை' படத்திற்கு இசையமைத்தவரும் அவரே. 1986இல் இளையராஜா, தியாகராசருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் தனி வயலின் அவருடையது. ஆயினும் திரையிசைத் தட்டின் உறையில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும். கவிஞர் பெயர் இருக்கும். பாடகர் பெயர் இருக்கும். வில்லேந்திய கைகளின் பெயர் பெரும்பாலும் இராது. கோடிக்கணக்கானோர் செவியில் நிறைந்த இசைக்கு உரியவர் முகமற்றவராய் நின்றனர். பின்னர் மின்னணுக் கருவிகள் பெருகியபோது அவ்வரிசைகள் சுருங்கவும் செய்தன. இப்பின்னணியில் நால்வர் மட்டும் தம் பெயரோடு மேடையேறியமை சிறு நிகழ்வன்று.

அவர்கள் எடுத்துக்கொண்டவை தியாகராசர் முதலியோரின் கிருதிகள். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. இராகத்தின் சுரம் நிலைத்து நிற்கும் புள்ளி அன்று, அது அசைவு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது ஊசலாடும். அதன் கீழே அசையாத ஒரு சுரக்கூட்டை வைத்தால், ஊசல் கட்டுண்டு போகும்; இராகம் உயிரிழக்கும். நரசிம்மன் தெரிந்துகொண்ட வழி எளியது, ஆனால் கடினமானது. முதல் வயலின் கிருதியைக் கமகம் குன்றாமல் இசைக்கும். மற்ற மூன்றும் அதனை மறைக்காமல், அதனோடு மோதாமல், தமக்குரிய தனி நடையில் செல்லும். அம்மூன்றின் பகுதிகளும் முன்னரே எழுதப்பட்டவை.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனைப் புறந்தள்ளுதல் முறையன்று. எழுதி வைத்த இசையில் மனோதர்மத்திற்கு இடம் குறைகிறது. ஆலாபனையும் நிரவலும் தழைக்கும் திறந்தவெளி சுருங்குகிறது. கிருதி தன்னளவிலேயே நிறைவுடையது, அதற்குத் துணைக்குரல் எதற்கு என்று கேட்போர் கேட்பது நியாயமே. ஆயினும் துணைக்குரல் மூலத்தை மாற்ற வரவில்லை. மூலத்தின் ஒரு வளைவு எத்துணை நுண்மையானது என்பதை, அருகில் வேறொரு குரல் நேராகச் செல்லும்போதே செவி தெளிவாக உணர்கிறது. நல்ல உரையாசிரியர் பாட்டுக்குச் செய்யும் பணி இதுவன்றோ? உரை பாட்டாகிவிடுவதில்லை; பாட்டை விளங்க வைக்கிறது.

கவிஞர்களுக்கு இந்நால்வர் விட்டுச் செல்லும் செய்தி ஒன்று உண்டு. நால்வரிசையில் தாளம் காட்டி நடத்துவோர் எவரும் இல்லை. பிறர் வில்லசைவைப் பார்த்தும், மூச்சைக் கேட்டும் நால்வரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஒன்றாக ஓய வேண்டும். தன் குரலை உரக்க எழுப்புவதைவிடப் பிறர் குரலுக்குச் செவி கொடுத்துத் தன் அளவை அறிவதே அங்கே திறம். பத்தாண்டுகள் ஒன்றாக அமர்ந்து ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டு, திருத்தி, சில வேளை சினந்து, மீண்டும் கூடிய ஓர் அவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வவை கூடியிருக்கும் சுங்குவார்சத்திரம், தீட்சிதர் சில காலம் வாழ்ந்த காஞ்சிக்கும், வயலின் வந்திறங்கிய சென்னைக்கும் இடைப்பட்ட ஊர். திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்கூடங்கள் நிறைந்த நிலப்பகுதி இது. இங்கு உருவாகி உலகெங்கும் செல்லும் பொருள்களில் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்படுகிறது. செய்த கைகளின் பெயர் பொறிக்கப்படுவதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்து வில்லாளரின் கதையும் இதுவே. ஆதலின் இவ்வூர்க் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் பாடல் ஒன்று இசையோடு வெளிவருமாயின், உறையில் உங்கள் பெயருக்குக் கீழே இரண்டாம் வயலின் வாசித்தவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் கேட்டு எழுதச் செய்யுங்கள்.