மளிகைக் கணக்கும் மன நிம்மதியும்

(நம் அறக்கட்டளையின் குடும்பநலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவி கேட்பவை எப்போதும் உண்டு. சில காலமாக வேறொரு வகை மனுவும் வருகிறது. “கடையில் பற்று ஏறிவிட்டது. கடைக்காரர் இனி சாமான் தரமாட்டேன் என்கிறார்.” எழுதுபவர்களில் பலர் வேலையில்லாதவர்கள் அல்லர், ஊதாரிகளும் அல்லர். மாதம் ஒரு வருமானம் வருகிறது. ஆனால் 20ஆம் தேதிக்குள் கை வெறுமையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு பற்று. பற்றை அடைக்க நகை அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது வாரக் குழுக்கடன் வருகிறது. அரிசி பருப்பு வாங்கியதற்கு வட்டி கட்டும் நிலை. அதனால்தான் இன்று மளிகைக் கணக்கைப் பற்றிப் பேசுகிறோம்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், “மய்யித்துக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதேனும் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவியுங்கள்” என்று அறிவிப்பதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம் மார்க்கம் கடனுக்கு அவ்வளவு கனம் கொடுத்திருக்கிறது. பெரிய வியாபாரக் கடன் மட்டும்தான் அதில் சேரும் என்று நினைக்க வேண்டாம். மளிகைக் கடை நோட்டில் நம் பெயருக்கு நேரே இருக்கும் 700 ரூபாயும் கடன்தான்.

முதலில், பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். மாதம் பிறந்ததும் போடும் பெரிய சாமான் பட்டியலில் அதிகம் தவறு இருப்பதில்லை. அதற்கு வெளியே போகும் காசுதான் கணக்கில் வருவதில்லை. மாலையில் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், திடீரென்று தீர்ந்த காபித்தூளுக்கு ஒரு சின்னப் பொட்டலம், வாப்பா வரும் வழியில் வாங்கி வரும் சமோசா. ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்றால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. 30 நாளைக்கு அது 1,200 ரூபாய்.

ஆகவே முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். அடுப்படியில் ஒரு நோட்டும் பேனாவும் தொங்கட்டும். பால், முட்டை, மீன், கறிவேப்பிலை, பேக்கரி எல்லாம் அதில் ஏறட்டும். ஆண்களும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கியது கணவர் என்பதால் அது மனைவியின் கணக்கில் சேராது என்று விட்டுவிட்டால் நோட்டுக்குப் பொருளில்லை. அதே நேரம், இந்த நோட்டு மனைவியைக் குறுக்கு விசாரணை செய்வதற்கும் அல்ல. வரும் பணம் எவ்வளவு என்று வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, “ஏன் பற்றவில்லை?” என்று கேட்பது நியாயமில்லை. மாத ஆரம்பத்தில் இருவரும் உட்கார்ந்து தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாதம் பட்டியலை அளவு வைத்துப் போடுங்கள். பழக்கத்தில் போன மாதப் பட்டியலையே எடுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் அலமாரியைத் திறந்து என்ன மீதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். சமையல் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது இரண்டரை லிட்டர். உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐந்து பேருக்கு மாதம் முக்கால் கிலோ. இந்த அளவுக்கு மேல் போவது பணத்தோடு உடம்பையும் சேர்த்துச் செலவழிப்பதாகும். நம்மில் எத்தனை வீடுகளில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரேஷனில் கிடைப்பதைக் கழித்துவிட்டு மீதியைக் கடைப் பட்டியலில் எழுதுங்கள். அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு இதை விடுகிறவர்கள், பிறகு பற்று நோட்டின் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்கு அந்த அரிசி பிடிக்காத வீட்டில் அது இட்லி மாவுக்கும் இடியாப்ப மாவுக்கும் ஆகும்.

கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் விலையோடு எடையையும் பாருங்கள். விலை ஏறாமலேயே எடை குறைந்திருக்கும். ஒரு கிலோ என்று நினைத்து எடுத்தது 900 கிராமாக இருக்கும். கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. எண்ணெயில் லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் நிற்கும்.

அடுத்து, பணத்தைப் பிரித்து வைப்பது. மளிகைச் சாமானை மாதம் ஒரு முறை வாங்கலாம். காய்கறி, மீன், முட்டைக்கு வாரக் கணக்குதான் சரி. அதற்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்காகப் பிரித்தால் வாரம் 1,000. ஆனால் நான்கு வாரம் 28 நாள்தான், மாதத்திற்கு 30, 31 நாள் இருக்கிறது. கடைசி இரண்டு மூன்று நாள் சண்டை வருவது இந்தக் கணக்கினால்தான். ஆகவே வாரத்துக்கு 900 வீதம் நான்கு உறையில் போடுங்கள். மீதி 400 ஐந்தாவது உறையில் இருக்கட்டும். மாதக் கடைசிக்கும், திடீரென்று வரும் விருந்தாளிக்கும் அது ஆகும். விருந்தாளியைக் கவனிப்பது நம் பண்பு. அதற்காகக் கடன் வாங்கி மூன்று கறி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நாள் கூலிக்குப் போகும் குடும்பங்கள், “மொத்தமாக வாங்க எங்களிடம் ஏது காசு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் வாரம் ஒரு சாமானை மட்டும் மாத அளவுக்கு வாங்குங்கள். இந்த வாரம் எண்ணெய், அடுத்த வாரம் பருப்பு, அதற்கடுத்த வாரம் மசாலாச் சாமான். மற்றதெல்லாம் வழக்கம்போல. சில மாதங்களில் தினமும் சின்னப் பொட்டலம் வாங்குவது தானாகவே குறைந்துவிடும்.

ஏற்கெனவே பற்று ஏறியவர்கள் கடைக்காரரைப் பார்த்தால் தெரு மாறிப் போக வேண்டாம். நேரில் போய்ப் பேசுங்கள். “இனி வாங்குவதற்குக் கையில் காசு. பழைய 6,000 ரூபாயை மாதம் 500 வீதம் ஒரு வருடத்தில் அடைக்கிறேன்” என்று சொல்லுங்கள். அவரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தவர்தான். வருமா வராதா என்று தெரியாத 6,000 ரூபாயைவிட, தேதி தவறாமல் வரும் 500 ரூபாய் அவருக்கு மேல். பற்றுக்கு வாங்கும்வரை விலை கேட்கவோ வேறு கடைக்குப் போகவோ நமக்கு வாய் வராது. அது நின்றாலே பாதிச் சிக்கல் தீரும்.

ரமலானைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலெல்லாம் சாப்பிடாமல் இருக்கும் மாதத்தில் மளிகைச் செலவு மற்ற மாதங்களைவிடக் கூடுகிறது என்றால் நாம் யோசிக்க வேண்டும். நோன்புக் கஞ்சி பள்ளிவாசலில் கிடைக்கிறது. வீட்டில் வடை, சமோசா, கடல்பாசி, சர்பத் எல்லாம் ஒரே நாளில் இருக்க வேண்டுமா? ஒன்று போதும். ரமலானுக்கும் பெருநாளுக்கும் என்று மற்ற மாதங்களில் 200 ரூபாய் எடுத்து வைத்தால் 11 மாதத்தில் 2,200 ரூபாய் சேரும். வீண்விரயத்தையும் கஞ்சத்தனத்தையும் மார்க்கம் ஒருங்கே தடுத்திருக்கிறது. நாம் கேட்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதையைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. செலவைக் குறைக்கிறேன் என்று பிள்ளைகளின் முட்டையையும் பாலையும் பருப்பையும் முதலில் நிறுத்திவிடாதீர்கள். பிஸ்கட்டும் நூடுல்ஸும் குளிர்பானமும் முதலில் போகட்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் உம்மா சாப்பிடுவது என்பதும் சிக்கனம் அல்ல. வீட்டில் ஒருவர் பசித்திருந்து மிச்சம் பிடித்தால், அது பிறகு மருத்துவமனைச் செலவாகத் திரும்பி வரும்.

இவ்வளவும் செய்து, ஒரு காசும் வீணாகாமல் பார்த்துக்கொண்டு, அப்படியும் பற்றாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. வருமானமே போதாதபோது சிக்கனத்தால் என்ன செய்ய முடியும்? அவர்களுக்கும் இந்த நோட்டு உதவும். கோளாறு கையில் இல்லை, வருமானத்தில்தான் என்பதை அது காட்டிவிடும். அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் எங்களிடம் வாருங்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனில் சிக்கியவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை. நாங்கள் நோட்டைக் கேட்பது உங்கள் மீதுள்ள சந்தேகத்தால் அல்ல. இந்த மாதக் கடனை நாங்கள் அடைத்து, அடுத்த மாதம் அதே கடன் திரும்பவும் ஏறினால், உங்களுக்கும் பயனில்லை, அந்தப் பணம் சேர வேண்டிய இன்னொரு வீட்டுக்கும் பயனில்லை.

வருகிற 1ஆம் தேதியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். ஒரு மாத நோட்டோடு அலுவலகத்துக்கு வந்தால், நம் மகளிர் குழுவினர் உங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். நோட்டில் இருப்பது வெளியே போகாது. அதற்கு நாங்கள் பொறுப்பு.

அல்லாஹ் நம் எல்லோருடைய சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. கடனில்லாத வாழ்வையும் கடனில்லாத மவ்த்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.