நீலக் குறி போதாது



"ஆன்லைன்ல வீட்டுப்பாடம் கொடுத்தா நம்ம பிள்ளைங்க செய்யறதே இல்ல" என்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கதவு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது; வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. நம் கொடைக்கானல் மேல்மலையில் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பாவோடு பூண்டுக் காட்டுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்து அவர் திரும்பியதும் பிள்ளை அதை வாங்கிக்கொண்டு டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறும். விரல் விறைக்கும் குளிரில் நோட்டை முழங்காலில் விரித்து, பென்சில் எழுத்து மங்கலாக விழுகிறதே என்று இன்னொரு தடவை படம் பிடித்து அனுப்பும். விருப்பம் இல்லாத பிள்ளையா அந்த மேட்டில் ஏறும்?

அனுப்பிய பிறகு? இரண்டு நீலக் குறி. சரியா, தப்பா என்று ஒரு வார்த்தை வராது. மறுநாளும் அதே கதை. சில நாளில் பிள்ளை மேட்டுக்குப் போவதை நிறுத்தும். நாம் 'ஆர்வம் இல்லை' என்று எழுதிக்கொண்டோம். வகுப்பு மொத்தத்தின் படங்களையும் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் பார்த்த ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் வழி செய்து கொடுக்கவில்லை.

இதே மலையில் 1899-இல் எழுந்த சூரிய ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். நூறாண்டுக்கு மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்தார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகள் இன்று கணினியில் ஏறி, உலக ஆய்வாளர்கள் அவற்றை உற்றுப் பார்க்கிறார்கள். நம் பிள்ளையின் கணக்கு நோட்டையும் ஒருவர் அப்படி உற்றுப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கான கருவிகள் வந்துவிட்டன. பாடநூலில் கியூஆர் கோடு இருக்கிறது. 2023-இல் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் வந்தது. மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. மாலையில் கடைசி பஸ் வரும் வரை அந்த லேப் திறந்திருக்கட்டும். வாரம் இரண்டே வீட்டுப்பாடம் போதும். ஆனால் எந்த வரியில் தப்பு என்று ஆசிரியர் குரலிலேயே பதில் வரட்டும். எழுத்துத் தெரியாத அம்மாவும் கூட உட்கார்ந்து கேட்பார். திருத்தும் நேரத்தை ஆசிரியரின் வேலை நேரத்திலேயே சேர்க்க வேண்டும்.

இதை இன்றே மனுவாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுப்போம். முதல் கையெழுத்து என்னுடையது. பெற்றோர்களே, அடுத்த கையெழுத்துக்கு நீங்கள் வாருங்கள்.